பச்சை வந்ததா

டப்பாவில் இருக்கும்வரை அது செங்கல்பொடி.
தண்ணீர் தொட்ட நொடியில் பச்சை,
கிளி பார்த்தால் கூசிப்போகும் பச்சை.
நகக்கண்ணில் ஏறினால்
ஞாயிறுவரை இறங்காது.

கவுன்ட்டி மன்றம் எங்கள் மூவரை அனுப்பியது.
கொப்னட் கதவைத் தட்டுவாள், அடையாள அட்டையைக் காட்டுவாள்.
நான் அவர்கள் கழிப்பறையில்
அரைக் கரண்டி கரைத்துத் தண்ணீர் விடுவேன்.
கீழே, பாலத்துக்கு அப்பால்,
தொடைவரை ரப்பர் காலணி போட்ட ஃபீக்ரா
மழைநீர்க் குழாய் கார்மோர் ஓடையில் விழும் இடத்தில்
மழையில் நனைந்தபடி நிற்பான்.

மழைக்கு ஒரு குழாய், மற்றதற்கு ஒரு குழாய்.
என்றோ ஒரு சனிக்கிழமை மாலை
யாரோ அவசரக்காரன் ஒருவன்
ஒன்றை மற்றொன்றில் செருகிவிட்டுப் போயிருக்கிறான்.
போன வசந்தத்தில் வெள்ளைத் தட்டில்
மேஃப்ளை புழுக்கள் நாற்பது எண்ணினோம்.
இந்த வசந்தத்தில் மூன்று.
மூன்றாவது
செத்திருந்ததா, சும்மா இருந்ததா என்று
எங்களுக்குள் ஒரு தகராறு.

மில் சந்து, முதல் வீடு.
"வந்ததா?" "இல்ல."
நான்காம் வீட்டு டூஹி
வரி கூட்டத்தான் வந்திருக்கிறோம் என்று
கழிப்பறை வாசலிலேயே கை கட்டி நின்றார்,
கடைசிவரை நகரவில்லை.
"வந்ததா?" "இல்ல."
ஒன்பதாம் வீட்டில் ஐந்து வயது ஓயிஷின்
இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று
மூன்று முறை தண்ணீர் விட்டாள்.
அவளுக்குப் பச்சை தெரிந்தது. ஃபீக்ராவுக்குத் தெரியவில்லை.
பதினேழில் துணி துவைக்கும் இயந்திரம். இல்லை.
இருபத்திரண்டில் ஆள் இல்லை.
முப்பத்தொன்றில் நாய் மட்டும் இருந்தது,
அதன் கருத்தைச் சத்தமாகச் சொன்னது.

மூன்று நாள். நாற்பத்து மூன்று வீடு.
எல்லோரையும் கொஞ்சம் குற்றவாளியாகப் பார்த்துவிட்டு
எல்லோரிடமும் நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

வியாழன் நாலரை மணி.
டப்பாவின் அடியில் கொஞ்சம் மிச்சம்.
கை கழுவப் போன இடத்தில்,
எங்கள் அலுவலகத்துப் பின்கட்டில்,
சுற்றுச்சூழல் பிரிவு என்று பலகை தொங்கும்
தட்டைக் கூரைக் கட்டடத்தில்,
சும்மா, வீணாகக் கூடாதே என்று
கொட்டினேன்.

பதினொரு நிமிடம்.
கொப்னட்டின் போன் அடித்தது.
"இப்ப எந்த வீடு?" என்றான் ஃபீக்ரா.
"எந்த வீடும் இல்லையே. ஏன்?"
"ஏனா? இங்க ஓடையே
பச்சையா ஓடுது."

யாரும் சிரிக்கவில்லை.
பிறகு கொப்னட் சிரித்தாள்,
நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும்படி.
ஆண்டுக்கணக்காக நாங்கள்
நோட்டீஸ் அச்சடித்துக்கொண்டே இருந்தோம்,
எழுந்து போய்க் கொண்டே இருந்தோம்.

அறிக்கையின் முதல் வரைவில்
"ஒரு கட்டடத்தில் தவறான இணைப்பு
கண்டறியப்பட்டது" என்று வந்தது.
கொப்னட் 'ஒரு' என்பதை அடித்தாள்.
'நம்' என்று எழுதினாள்.
மேலதிகாரி 'ஒரு' என்று திருத்தி அனுப்பினார்.
அவள் மறுபடி அடித்தாள்.
நான்கு முறை போய் வந்த அந்தக் காகிதம்
கூட்டத்தில் 'நம்' என்றே வாசிக்கப்பட்டது.
வாசித்தவருக்கு இருமல் வந்தது.

தரையை உடைத்துக் குழாயைத் திருப்ப ஆறு வாரம்.
அதுவரை நாங்கள்
எதிர்த் தெரு நூலகத்தின் சாவியை
வரிசையாக வாங்கிப் போனோம்.
டூஹி ஒரு நாள் வாசலில் நின்று
குடை பிடித்தபடி எங்களை எண்ணினார்.
அவருக்கு அந்த உரிமை இருந்தது.

அம்மோனியா பாதியாகக் குறைந்திருக்கிறது.
மீதிப் பாதி எங்கிருந்து என்று தெரியவில்லை.
மேலே மாட்டுப் பண்ணைகள் இருக்கின்றன,
இருபத்திரண்டாம் வீடு இன்னும் பூட்டியிருக்கிறது.
நேற்றுத் தட்டில் மேஃப்ளை ஏழு.
ஏழும் நீந்தின.

பாலத்துக் கம்பியில் வயிற்றைச் சாய்த்து
ஓயிஷின் கேட்கிறாள்:
மறுபடி எப்போ பச்சையா வரும்?
வராது என்று சொல்லத்தான்
எங்களுக்குச் சம்பளம்.
அவள் முகத்தைப் பார்த்தால்
சொல்ல வரவில்லை.